முன் சக்கர நடுக்கம்

என் மனைவி வேனின் பின் இருக்கையில் படுத்திருப்பாள். வண்டியின் வேகத்தை நான் குறைக்க நேர்ந்த ஒவ்வோர் இடத்திலும் அலறுவாள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அடையாறு வரை செல்லும் சாலையை அந்தக் கோடையில் நான் அவளுடைய அலறலைக் கொண்டே மனப்பாடம் செய்தேன். செம்பாக்கத்து ஏரியை ஒட்டிய வளைவு. மேடவாக்கம் கூட்டுச்சாலை. பள்ளிக்கரணையில் குப்பை லாரிகள் முன்னறிவிப்பின்றிக் குறுக்கே திரும்பும் இடம். அதையடுத்து எருமைகள் சதுப்பிலிருந்து கரையேறும் இடம். வேளச்சேரிக்குள் நுழைந்துவிட்டால் கடைத்தெரு நெடுகிலும் அதுவே கதி.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. மார்பில் தோன்றி, அறுவை சிகிச்சையால் அகன்றுவிட்டதாக நாங்கள் நம்பியிருந்த நோய், முதுகெலும்பில் மீண்டும் தலைகாட்டியிருந்தது. சனியும் ஞாயிறும் நீங்கலாக, சில வாரங்களுக்கு நாள்தோறும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். வெளியூர் நோயாளிகளே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த அந்த மருத்துவமனையில், தாம்பரத்துப் பக்கத்திலிருந்து வருகிறவளுக்குப் படுக்கை கொடுக்க வழியில்லை.

"ஒரு நாள்கூட விடாம கூட்டிட்டு வாங்க," என்று அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "பாதியில நிறுத்தினா கால் ரெண்டும் உணர்வில்லாமப் போயிடும். அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

காலையில் தாம்பரம் நிலையத்தில் வந்திறங்கும் ஆசிரியைகளைப் பள்ளியில் கொண்டு விடுவதற்காக நான் வைத்திருந்த சிறு வேன் அது. ஆட்டோவில் என் மனைவியால் உட்கார இயலாது. வாடகைக் காரின் இருக்கையில் காலை நீட்ட இயலாது. வேனில்தான் மெத்தை விரித்து, இருபுறமும் தலையணைகளை அணைத்து அவளைக் கிடத்த முடிந்தது. ஆகவே வேறு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். என் வேனின் முன் சக்கரங்களிலோ, எங்கள் பகுதி மெக்கானிக்குகள் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புத் தட்டு; அதனை இருபுறமிருந்தும் கவ்விப் பிடித்து நிறுத்தும் இரண்டு பேட்கள். அவ்வளவே அதன் அமைப்பு.

பிரேக் மிதியைத் தொட்ட மாத்திரத்தில் ஸ்டீயரிங் என் கைகளுக்குள் இடமும் வலமுமாக உதறும். மிதி என் பாதத்துக்கு எதிராகத் துடிக்கும். பின்னர் அந்த நடுக்கம் தரைத்தகட்டில் இறங்கி, இருக்கையின் இரும்புச் சட்டத்தில் ஏறி, மெத்தையைக் கடந்து, அவள் முதுகில் போய் முடியும். உடல்நலமுள்ள எவரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆசிரியைகளில் ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. நோய் அரித்த முதுகெலும்புக்கு மட்டுமே அது இன்னதென்று தெரிந்தது.

பேட்கள் தேய்ந்துவிட்டன போலும் என்று எண்ணி, முதலில் புதுப்பேட்டைக்குச் சென்றேன். வண்டிகளைப் பிரித்துக் கூறுகூறாக விற்கும் அந்தத் தெருவில், கடைக்காரர் ஒருவர் வெளிநாட்டுப் பேட்கள் என்று சொல்லி ஒரு ஜோடியை எடுத்துக் கையில் வைத்தார். சாதாரணப் பேட்டைக் காட்டிலும் கடினமானவை. நகத்தால் கீறினால் கோடுகூட விழவில்லை.

"இத்தப் போட்டுப் பாரு சார். வண்டி ஆணி அடிச்சாப்ல நிக்கும்," என்றார் அவர்.

"நிக்கறது முக்கியமில்லை. ஆடாம நிக்கணும்."

"ஆடறதா? இன்னா சார் நீ, ஃபாரின் சரக்கப் பாத்து ஆடுமான்ற?"

ஆடியது. முன்னைவிட அதிகமாக ஆடியது. கவ்வும் வலிமை கூடியதால் உதறலும் கூடிற்று. அதற்கு முன் "மெதுவாப் போங்களேன்" என்று வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் வார்த்தையை விட்டுவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுப்பிய ஒலியை நான் இங்கே எழுத்தில் கொண்டுவர முயலப்போவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டில் அவளைக் கட்டிலில் கிடத்தியபின், என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இனிமே நான் வரலைங்க."

"அப்படிச் சொல்லாதே. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"அங்க குடுக்கற கரண்டு வலிக்கலைங்க. உங்க வண்டிதான் வலிக்குது. கால் போனாப் போகட்டும். இங்கயே கெடக்கறேன், நீங்க சோறு போட்டுக் குடுங்க, போதும்."

அவளைத் தேற்றத் தெரியாமல், திங்கட்கிழமைக்குள் வண்டியைச் சரிசெய்துவிடுவேன் என்றேன். அவள் நம்பவில்லை. "திங்கக்கெழம ஆடிச்சுன்னா மேடவாக்கத்துலயே திருப்பிடணும். எம்மேல சத்தியம் பண்ணுங்க," என்று கையை நீட்டினாள். அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கைக்குள் எலும்பு மட்டுமே இருந்தது.

சேலையூரில் தகரக் கொட்டகையின் கீழ் வேலை செய்த மெக்கானிக் ஒருவரிடம் சனிக்கிழமை காலை வண்டியை நிறுத்தினேன். அவர் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். மிதியை அழுத்தி நிறுத்தினார், ஆடியது. அடுத்த முறை மிதியைத் தொடாமல், பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். வண்டி நீரில் மிதப்பதுபோல் நின்றது.

"பின்னாடி சுத்தமா கீது. முன்னாடி டிஸ்க்குதான் கோணிக்கினு கீது சார்," என்றார். "தட்டு நெளிஞ்சா பேட்டு இன்னா பண்ணும்? தங்கத்துல போட்டாலும் ஆடும்."

இரண்டு தட்டுகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போனோம். லேத் பட்டறையில் தட்டைச் சுழலவிட்டு, அதன் முகத்தை மெல்லிய இழைகளாகச் சீவி எடுத்தார்கள். இழைகள் சுருள் சுருளாக என் செருப்பின்மேல் விழுந்தன. பட்டறைக்காரர் சோர்வடைந்து தேநீர் குடிக்கப் போனபோதெல்லாம் நான் அந்த இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றேன். கோவிலில்கூட அவ்வளவு ஒருமனப்பட்டு நின்றவனல்லன் நான்.

திங்கட்கிழமை, மேடவாக்கம் கூட்டுச்சாலையில் வண்டி ஆடவில்லை. பள்ளிக்கரணையில் ஆடவில்லை. வேளச்சேரியில், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னங்க, புது ரோடு போட்டுட்டாங்களா?"

தேவையே இல்லாமல் இன்னொரு முறை மிதியைத் தொட்டுப் பார்த்தேன்.

புதன்கிழமை ஸ்டீயரிங்கில் மெல்லிய சிலிர்ப்பு ஒன்று தோன்றியது. என் கைதான் நடுங்குகிறது என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள முயன்றேன். வியாழனன்று ஐயத்துக்கு இடமில்லை. வெள்ளியன்று பழைய நடுக்கம் முழு உருவத்தோடும் திரும்பி வந்துவிட்டது. அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, கியரைக் குறைத்து வேகத்தை அடக்கினேன். அதுவும் போதாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சதுப்பிலிருந்து ஏறிய எருமை ஒன்று சாலையின் நடுவே நின்றபோது, வண்டி நிற்காமல் வழுக்கிச் சென்று அதன் வயிற்றுக்கு ஒரு சாண் இருக்கையில்தான் நின்றது. எருமையை ஓட்டி வந்தவர் என்னைத் திட்டிய திட்டில் என் பரம்பரை முழுவதும் அடங்கிற்று. அவர் திட்டியது நியாயம். அதன்பின் மிதியையே பயன்படுத்தினேன்.

சேலையூர்க்காரர் என்னைக் கண்டதும் இடுப்பில் கைவைத்தார். "இன்னா சார், மறுபடியும் வந்துட்ட? ஒரு வாரங்கூட ஆவல!"

"திரும்பவும் கோணியிருக்கு."

"நம்ம வேல பக்கா. ரோடு அந்த மாதிரி. நீ ஓட்ற ஓட்டும் அந்த மாதிரி. பிரேக்கு மேலயே கால வச்சிக்கினு ஓட்னா தட்டு இன்னாத்துக்கு ஆவும்?"

மறுமுறையும் சீவினோம். மறுமுறையும் சில நாள்கள் அமைதி, மறுமுறையும் நடுக்கம். சீவச்சீவத் தட்டு மெலிந்துவந்தது. "இன்னொரு தபா சீவுனா அப்பளம்தான்," என்று அவர் எச்சரித்துவிட்டார். காரணம் எதுவென்று தெரியாத நிலைதான் என்னைக் கொன்றது. நோய்க்கும் காரணம் தெரியவில்லை, வண்டிக்கும் தெரியவில்லை. மருத்துவமனை வளாகத்து வேப்பமரத்தடியில் அவளுக்காகக் காத்திருக்கும் நேரங்களில், சக்கரத்தருகே குந்தி அமர்ந்து, அதன் துளைகளின் ஊடே அந்த இரும்புத் தட்டையே வெறித்துக்கொண்டிருப்பேன். சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று பார்க்கிறவனைப்போல் என்னைப் பார்த்துச் சென்றவர்கள் உண்டு.

நடுக்கம் இரண்டாம் முறை திரும்பிய நாளன்று, மேடவாக்கத்தில் அவள் சொன்னாள்: "திருப்புங்க."

நான் திருப்பவில்லை.

"சத்தியம் பண்ணீங்களே."

நேரே போனேன். அதற்குப் பிறகு மருத்துவமனை வரையிலும் அவள் அலறவில்லை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தாள் என்பதை, ஸ்ட்ரெச்சருக்கு அவளை மாற்றும்போதுதான் கண்டேன். திரும்பும் வழியிலும் முந்தானை வாயிலேயே இருந்தது. வீட்டுவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் இறங்கி அவளைத் தூக்குவதற்காக என் பக்கக் கதவைத் திறக்கப் போனேன்.

"தொடாதீங்க. கொஞ்ச நேரம் இப்படியே கெடக்கறேன்," என்றாள்.

ஆகவே இறங்காமல், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது என் மனைவியின் அக்காள், எங்களுக்குச் சமைத்துப் போட்டுத் துணையிருக்க வந்திருந்தவர், மஞ்சள் கரைத்த தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்தார். அது நாள்தோறும் நடப்பதுதான். மருத்துவமனையின் பின்வாசலில் பிணம் ஏற்றும் வண்டிகளும் எங்கள் வேனும் அடுத்தடுத்து நிற்கின்றன என்று தங்கை சொல்லக் கேட்ட நாளிலிருந்து, சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் காலைக் கழுவிக்கொண்டு படியேறுவதுபோல், வண்டியும் சக்கரத்தைக் கழுவிக்கொண்டுதான் வாசலுக்குள் நுழைய வேண்டும் என்று அவர் விதித்திருந்தார். நான் மனைவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே விரைவேன். வாசற்படியைத் தாண்டுவதற்குள் எனக்குப் பின்னால் அது நடந்து முடிந்துவிடும். பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. ஈரமான சக்கரங்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் விழும் கணத்தில் மட்டும் நான் அங்கே இருந்ததில்லை.

அன்று இருந்தேன். வலது முன் சக்கரத்தில் குடத்தைச் சாய்த்தார். "சொய்ங்" என்று ஓர் ஓசை. சன்னல் வழியே என் முகத்தருகே ஆவி எழுந்தது.

கதவைத் தள்ளித் திறந்துகொண்டு குதித்தேன். மிச்சத் தண்ணீரோடு இடது சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரின் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினேன். அவர் மிரண்டுபோனார்.

"என்ன தம்பி, பேய் புடிச்ச மாதிரி!"

"ஊத்தாதீங்க அக்கா. இதாலதான் கோணுது. இதாலதான்!"

"எது கோணுது?"

இடது சக்கரத்தின் துளையில் கையிலிருந்த நீரைத் தெளித்தேன். துளிகள் பொரிந்து மறைந்தன. காய்ந்து கிடந்த இரும்பு. அதன் ஒரு பாதியில் மட்டும் குளிர்ந்த நீர்; அந்தப் பாதி சட்டென்று சுருங்கத் தட்டு கோணும். நான் தேடிப்போய் வாங்கிய அந்தக் கடினமான பேட்கள் தட்டை இன்னும் அதிகமாகக் காய்ச்சியிருந்தன. அதனால்தான் அவற்றைப் போட்டபின் அத்தனை விரைவாக நெளிந்தது. இவையெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு என் மனத்தில் ஓடின. ஆனால் அக்காளிடம் சொல்லத் தெரியவில்லை.

"இரும்புக்கு ஜன்னி கண்டுடுமா தம்பி? மஞ்சத் தண்ணி ஊத்தினதுக்கு?"

"தோசைக்கல்லு அக்கா. காஞ்ச கல்லுல தண்ணி விட்டா என்ன ஆகும்?"

"தெளிச்சாத்தானே தோசை ஒட்டாம வரும்!"

"தெளிச்சாச் சரி. குடத்தோட கவுத்தா?"

அவர் சக்கரத்தையும் குடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எந்த வீட்டிலோ கல் விரிசல் விட்டதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஆயினும் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப பம்பருக்கு ஊத்தறேன்," என்றார்.

வண்டிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பம்பரா அந்த எடத்தையெல்லாம் மிதிச்சுட்டு வருது? சக்கரந்தான மிதிக்குது?"

நான் அவளருகே சென்று நின்றேன். அவள் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. தண்ணீரை நிறுத்திவிடலாம், வண்டி சரியாகிவிடும், நீ வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் தலையை அசைத்தாள்.

"தண்ணி ஊத்தாம நான் உள்ள வரமாட்டேன். அங்க செத்துப்போனவங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கும். இந்தத் தண்ணி ஒண்ணுதாங்க, அங்க போற தைரியத்தையே குடுக்குது."

மருத்துவர் சொன்னதைவிடவும் அவள் அந்தக் குடத்துத் தண்ணீரையே நம்பினாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அது இல்லாவிட்டால் வரமாட்டாள். இருந்தால் வண்டி அவளை வதைக்கும். வாசலில் நின்றபடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் என்ற நிலையில், நான் அழுதேன். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காள் என் கையிலிருந்த குடத்தை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"கல்லு ஆறினப்புறம் கழுவினா விரியாதே தம்பி," என்றார்.

"ஆற அரை மணியாவது ஆகும் அக்கா. அதுவரைக்கும் இவ..."

"நான் இருக்கேன்," என்றாள் மனைவி. "வண்டி நின்னிருந்தா ஆடாது இல்ல?"

புதிய தட்டுகளும், சாதாரணப் பேட்களும் வாங்கிக்கொண்டு சேலையூருக்குப் போனபோது, நடந்ததைக் கேட்ட மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பேஜாரு சார் உன்னோட! நான் உன் ஓட்டத்தத் திட்டிக்கினு கீறேன், அங்க வூட்ல வண்டிக்கு மஞ்சத்தண்ணி அபிஷேகம்!" பிறகு நான் சிரிக்காததைக் கண்டு அடங்கினார். சக்கர நட்டுகளை எதிரெதிராக, ஒன்றுபோல் முறுக்கி, கையால் இழுத்து இழுத்துச் சரிபார்த்தார். "அம்மாவ நல்லாப் பாத்துக்க சார்," என்றார்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும், எங்கள் வாசலுக்கு வெளியே, பூவரச நிழலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். அக்காள் குடத்தைப் படியில் வைத்துவிட்டு விசிறியோடு வந்து நிற்பார். அவ்வப்போது விரல் நுனியில் நீரைத் தொட்டுச் சக்கரத்தில் சுண்டிப் பார்ப்பார். பொரிந்தால், "இன்னும் இல்ல," என்பார். அந்தக் காத்திருப்பு இனிமையாக இருந்தது என்று சொன்னால் அது பொய். புழுக்கம், கொசு, அவளுடைய வலி எல்லாம் இருந்தன. சில நாள் அவளே பொறுக்காமல், "அக்கா, இன்னொரு தரம் பாரேன்," என்பாள். பொரியாத நாள் வந்ததில்லை; பொரிவது ஓய்ந்தபின் குடம் சாயும்; அதன்பின் நான் அவளைத் தூக்குவேன். ஒவ்வொரு நாளும் சற்றுக் கனம் குறைந்திருந்தாள்.

சிகிச்சை முடிய இன்னும் சில நாள்களே இருந்த ஒரு காலைப்பொழுது. பள்ளிக்கரணையில், எனக்கு முன்னே சென்ற குப்பை லாரி எந்தச் சைகையும் காட்டாமல் நடுச்சாலையில் நின்றுவிட்டது. இடப்புறம் சதுப்பு, வலப்புறம் எதிரே பேருந்து. காலின் முழு பலத்தையும் மிதியில் இறக்கினேன். வண்டி நேர்கோட்டில், கைகளில் ஓர் அசைவும் இன்றி நின்றது.

பின்னாலிருந்து சத்தம் வரவில்லை.

அவ்வளவு கடுமையாகப் பிரேக் போட்டதும் வழக்கமாக எழும் அலறலுக்கு என் தோள்கள் தாமாகவே இறுகியிருந்தன. அது வரவில்லை. முனகல்கூட இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். தலை ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. இறங்கி ஓடி, பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன். பிடி இருமுறை நழுவிற்று. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. மெத்தையில் முழந்தாளிட்டு அவள் மூக்கின்கீழ் விரலை வைத்தேன். என் விரலே உணர்விழந்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. இன்னொரு விரலை வைத்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டமா?"

"இல்ல. பள்ளிக்கரணைதான்."

"நல்லாத் தூங்கிட்டேன்," என்றாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். "இங்க போய் ஏன் நிறுத்தினீங்க? நாத்தம் தாங்கல. போங்க."